வாசலுக்கு வந்த சரளை

சென்னைக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்கள் மனைகளாகிவிட்ட ஒரு புறநகரில் புதிதாக வீடு கட்டிக்கொண்ட நண்பர் ஒருவர், மோட்டார் வண்டி நிற்பதற்கென்று வாசலின் ஒரு பக்கத்தில் 18 அடி நீளமும் 10 அடி அகலமும் ஒதுக்கி, அங்கே சிமெண்டுத் தளம் போட்டால் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடுமே என்ற நல்ல நோக்கத்தினால், ஒரு லாரி கூழாங்கல் வரவழைத்து அரையடி கனத்துக்குப் பரப்பிவைத்தார். கல் ஒவ்வொன்றும் புறா முட்டை போல வழவழவென்று, வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கிருகப்பிரவேசத்தன்று வண்டி அதன்மேல் ஏறியது. ஏறிய வண்டி இறங்க மறுத்துவிட்டது. சக்கரம் சுழலச் சுழலக் கற்கள் இருபுறமும் மரியாதையாக விலகி வழிவிட, வண்டி தன் குழியைத் தானே பறித்துக்கொண்டு வயிறு தரையில் படும்வரை அமர்ந்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த நாங்கள் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம்.

அதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார், "கார் கெடக்கட்டும்டா, நாளைக்குக் காலையில நான் கோலம் எங்கே போடறது?" என்று கேட்டார். நண்பர் என்னைத் தனியே அழைத்து, "கல்லுக்கும் கல்லுக்கும் அப்படி என்ன பேதம் இருக்கிறது? நீங்கள்தான் பழைய சமாசாரங்களைக் கிளறுகிறவராயிற்றே" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். வெகு சாதாரணமான இந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் போனபோது, சரளை என்னும் அற்பப் பொருளுக்குப் பின்னால் நீண்டதொரு சரித்திரம் இருப்பதும், அதில் நம்முடைய பங்கு நாம் நினைத்ததைவிட அதிகமாயிருப்பதும் தெரியவந்தன.

தாயாரின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழன் வீட்டு வாசலில் சரளைக்கு எந்தக் காலத்திலும் இடம் இருந்ததில்லை. வெறுங்காலோடு நடந்த ஜனங்கள் தங்கள் முற்றத்துக்கு வேண்டுமென்று கேட்டது மணலும் மெழுகிய மண்ணுமே. கலியாண வீட்டுப் பந்தலின் கீழ்ப் புதுமணல் கொண்டுவந்து பரப்பிய வழக்கத்தை அகநானூறு காட்டுகிறது. கோயில் பிராகாரங்களில் கல் பாவாத இடமெல்லாம் மணல்வெளியாகவே விடப்பட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளின் முற்றத்து வெண்மணலைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. சாணம் தெளித்த வாசலில் அரிசிமாவைக் கிள்ளி இழை இழுக்க வேண்டுமென்றால், கீழே தரை ஒரே சீராக, கண்ணாடிபோல் அல்லவென்றாலும் அப்பளப் பலகைபோலவாவது இருந்தாக வேண்டும்.

சிறுகல்லுக்குப் பழந்தமிழில் பரல் என்று பெயர். அந்தப் பரல் வருமிடமெல்லாம் பெரும்பாலும் பாலை வழிதான். பொருள் தேடப் போகிறவனின் பாதத்தை உறுத்தி, உடன்போகிறவளின் மெல்லடியை வருத்துவதே அதன் உத்தியோகம். மேடும் கல்லுமான நிலத்துக்கு முரம்பு என்று பெயரிட்டு, அதன்மீது தேர்ச்சக்கரம் ஏறி இறங்கும் வருத்தத்தையும் புலவர்கள் கவனித்திருக்கிறார்கள். (மராத்தியத்திலும் பிற்காலத்து எஞ்சினீயர்களின் பேச்சிலும் சாலைச் சரளையை மொரம் என்பதுண்டு. ஒலி ஒத்திருக்கிறதென்பதற்காக இரண்டையும் உறவாக்கிவிட நான் துணியவில்லை. ஆசை மட்டும் இருக்கிறது.) பரலுக்குத் தமிழில் கௌரவமான இடம் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது சிலம்பின் உள்ளே. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்ற ஒரு வித்தியாசத்தில் ஒரு நகரமே எரிந்தது. வழியில் கிடக்கும் கல்லும் சிலம்பில் ஒலிக்கும் மணியும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டதற்குக் காரணம், இரண்டும் காலடியில் சப்திப்பவை என்பதாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ஆக, சரளையை வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் பூட்ஸ் அணிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும், அப்படித்தான் இருந்தார்கள். இங்கிலாந்தின் கிராமப்புறப் பெரிய மாளிகைகளில், வெளிக் கதவிலிருந்து வீட்டு முகப்பு வரையில் குதிரை வண்டிகள் வளைந்துவந்து நிற்கும் பாதையைச் சரளையால் இடுவது நெடுநாளைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் பிரவுன் என்ற தோட்டக்கலை நிபுணர் புல்வெளியை மாளிகையின் சுவர்வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அவருக்குப் பின்வந்த ஹம்ப்ரி ரெப்டன், வீட்டை நெருங்கும் பாதை எங்கே வளைய வேண்டும், எவ்விடத்தில் வீடு முதன்முதலாகக் கண்ணுக்குத் தென்பட வேண்டும் என்பதை ஒரு சாஸ்திரமாகவே எழுதிவைத்தார். தென் இங்கிலாந்தில் பல இடங்களில் நிலத்தைத் தோண்டினாலே சிறுகல்லும் மணலும் களிமண்ணும் இயற்கையாகக் கலந்த ஒருவகைச் சரளை கிடைக்கும். அதை விரித்து, நனைத்து, உருளையால் உருட்டிவிட்டால் இறுகி நிற்கும். இதற்குள் ஒரு சூட்சுமம் உண்டு. கல் மட்டும் நிற்காது. மண் மட்டும் மழையில் சேறாகும். கல்லின் இடுக்கை மணலும், மணலின் இடுக்கைக் களியும் நிரப்பினால்தான் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மாளிகைக்காரர்களுக்கு இன்னொரு பிரயோஜனமும் இருந்தது: விருந்தாளி வந்தாலும் திருடன் வந்தாலும் சரளை முன்கூட்டியே சொல்லிவிடும்.

இந்த வழக்கத்தைத்தான் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர்கள் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோட்டைக்குள் நெருக்கிக்கொண்டு வாழ்வதில் சலித்துப்போன வர்த்தகர்களும் உத்தியோகஸ்தர்களும் மவுண்ட் ரோட்டின் இருபுறத்திலும், நுங்கம்பாக்கத்திலும், அடையாற்றங்கரையிலும் ஏக்கர் கணக்கில் காம்பவுண்டு வளைத்துத் தோட்ட பங்களாக்கள் கட்டிக்கொண்டபோது, கேட்டிலிருந்து பங்களாவின் தூண் வைத்த முகப்பு வரைக்கும் ஒரு சிவந்த பாதை ஓடியது. அந்த முகப்புக்குத்தான் போர்ட்டிகோ என்று பெயர். பல்லக்கிலோ வண்டியிலோ வந்தவர், வெயிலும் மழையும் படாமல் இறங்கிப் படியேறுவதற்காக ஏற்பட்ட அந்த நிழல், பல்லக்கும் சாரட்டும் போனபின்னும் போகவில்லை. இன்று 600 சதுர அடி வீட்டுக்கும் ஒரு போர்ட்டிகோ இருந்தாக வேண்டும் என்று கொத்தனார் சொல்கிறார், வீட்டுக்காரரும் சரி என்கிறார். தோட்ட பங்களாவின் வம்சத்தில் நமக்கு மிஞ்சிய பிதிரார்ஜிதம் அது.

பாதை சிவந்திருந்ததற்குக் காரணம், சென்னையைச் சுற்றிக் கிடைத்த செஞ்சரளை. செங்குன்றத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே இந்த மண்தான். இரும்புச் சத்து மிகுந்த இந்தக் கல்லை மலையாளத்து அங்காடிப்புரத்தில், செங்கல்லைப் போல வெட்டி எடுத்து வீடு கட்டுவதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லாட்டரைட் என்று அதற்கு நாமகரணம் செய்து, 1807-ல் வெளியான தம்முடைய பிரயாண நூலில் எழுதினார்; உலகத்து மண்ணியல் நூல்களிலெல்லாம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. செஞ்சரளை இங்கிலாந்துச் சரளையைப் போலவே தன்னைத்தான் பிணைத்துக்கொள்ளும் குணமுடையது; ஆனால் பங்குனி சித்திரையில் செந்தூளாகக் கிளம்பி வெள்ளை வேட்டியையும், ஐப்பசி மழையில் செங்குழம்பாகிப் படிக்கட்டையும் பதம் பார்க்கும். தினந்தோறும் பெருக்கி வாரிச் சமன்செய்யத் தோட்டக்காரன் இருக்கிற வீட்டுக்கே அது அழகு. தோட்டக்காரன் இல்லாத வீட்டில் ஒரே மழைக்காலத்தில் அது தன் சுயரூபத்தைக் காட்டிவிடும்.

செஞ்சரளையைப் பற்றிப் பேசுகையில் பல்லாவரத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்துப் படை மைதானத்தில் தோண்டிப் போட்டிருந்த ஒரு சரளைக் குழியின் மண்குவியலில், மனிதன் கை பட்டுச் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் பிரத்தியட்ச சாட்சி அது. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் அகப்பட்டன; அவற்றின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை செல்லும் என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது. ஆற்றில் உருண்டு வந்த வழவழப்பான கல்லை எடுத்து, அதை உடைத்தாலொழியப் பயன் இல்லை, கல்லின் சாமர்த்தியம் அதன் விளிம்பில் இருக்கிறது என்று கண்டுகொண்ட அந்தப் பெயரறியாத மனிதன் என் நண்பரைவிட விவரம் தெரிந்தவன் என்றே சொல்ல வேண்டும்.

விளிம்பின் மகிமையைச் சாலைக்கு எடுத்துச் சொன்னவர் ஜான் லௌடன் மெக்காடம். ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்தில் 1756-ல் பிறந்து, 14-ஆம் வயதில் நியூயார்க்கிலிருந்த சிற்றப்பன் வீட்டுக்குப் போய், அங்கே வியாபாரத்தில் பணம் சேர்த்து, அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்த 1783-ல் ஊர் திரும்பிய இந்த மனிதர், முறைப்படி எஞ்சினீயர் அல்லர். சொந்த ஜில்லாவின் சுங்கச் சாலைகளுக்குத் தர்மகர்த்தா ஸ்தானத்தில் இருந்தவர், அவற்றின் படுமோசமான நிலையைக் கண்டு வியாகூலப்பட்டு, பல ஆண்டுகள் கைப்பணம் செலவழித்து ஊர் ஊராகச் சாலைகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். 1816-ல் பிரிஸ்டல் நகரத்துச் சாலைகளின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது ஏறக்குறைய அறுபது. மற்றவர்கள் ஓய்வு பெறும் பிராயத்தில் அவருடைய காரியம் ஆரம்பித்தது.

அவருக்கு முன்னால் பிரெஞ்சு தேசத்தில் திரெசாகே என்பவரும், அவர் காலத்திலேயே கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கிப் பெரிய எஞ்சினீயரான தாமஸ் டெல்போர்டும், சாலையின் அடியில் பெரிய கற்களை நெருக்கமாக நிறுத்தி, வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதுபோலப் போட்டு, அதன்மேல் சிறுகல் பரப்பினார்கள். கேட்கும்போது யாருக்கும் சரியென்றே படும். மெக்காடம் அதை மறுத்தார். பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, அடியிலிருக்கும் இயற்கை மண்தான். மண் உலர்ந்திருக்கும்வரையில் எந்தப் பாரத்தையும் தாங்கும். ஆகையால் சாலை என்பது மண்ணுக்குப் போட்ட ஒரு கூரையே தவிர வேறில்லை என்பது அவருடைய சித்தாந்தம். சாமர்செட் பிரதேசத்தில் ஒரு சாலை சதுப்பின்மேல் சென்றது. வண்டி ஓடும்போது இருபுறத்து வாய்க்கால்களிலும் தண்ணீர் நடுங்குவது கண்ணுக்குத் தெரியுமாம். அப்படியிருந்தும், பாறைமேல் போட்ட சாலையில் ஏழு டன் கல் தேயும்போது சதுப்பின்மேல் ஐந்து டன்தான் தேய்கிறது என்று பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்னால் 1819-ல் அவர் கணக்குச் சொன்னார். கீழே பாறை, மேலே இரும்புச் சக்கரம். நடுவில் அகப்பட்ட கல் ஆட்டுக்கல்லில் விழுந்த அரிசியின் கதியை அடைந்தது.

சரி, அந்தக் கூரையை எதனால் வேய்வது? உடைத்த கல்லால், உடைத்த கல் ஒன்றினால் மட்டுமே என்றார் மெக்காடம். முனையும் விளிம்பும் உள்ள சிறுகற்களைப் பரப்பினால், மேலே பாரம் ஏற ஏற அவை ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து பூட்டிக்கொண்டு, தண்ணீர் எளிதில் இறங்காத ஒரே தகடாகிவிடும். உருண்டைக் கல்லோ எத்தனை நசுக்கினாலும் தனித்தனியாகவே இருந்து, சக்கரத்தைக் கண்டால் நழுவிப்போகும். லண்டனைச் சுற்றிய சாலைகளில் மண்ணோடு கலந்த உருண்டைச் சரளையை அப்படியே கொட்டும் வழக்கத்தை அவர் கண்டித்து, சலித்து உடைத்துப் போடச் சொன்னார். எந்தக் கல்லும் 6 அவுன்சுக்கு மேற்படக் கூடாதென்பது அவருடைய விதி. கண்காணிகள் தராசும் கையுமாகத் திரிந்தார்கள். தராசு இல்லாத இடத்தில் கல்லுடைப்பவன் தன் வாயே அளவுகோலாகக் கல்லை வாயில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்ததாகச் சொல்வார்கள். 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குலம் உயரம் கொடுத்தால் போதும், தண்ணீர் வடிந்துவிடும் என்றார். ஸர் பட்டம் கொடுக்க முன்வந்தபோது வேண்டாமென்று மறுத்தார். பின்னர் அவருடைய மகன் அதைப் பெற்றுக்கொண்டார். ஆனால் 1836-ல் அவர் காலமாவதற்கு முன்பே அவருடைய பெயர் சாலைக்கே பெயராகிவிட்டது.

அந்தச் சாலை இங்கே வந்தபோது நம்மவர்கள் வைத்த பெயர் கப்பி ரோடு. மண் பாதையிலிருந்து கப்பி ரோட்டில் ஏறியதும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஓசை மாறும். அரைத் தூக்கத்தில் இருப்பவனும் அதைக்கொண்டே தாலுகா கச்சேரி நெருங்கிவிட்டதென்று கண்டுகொள்வான். 1871-ஆம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டத்தினாலும் 1884-ன் ஸ்தல போர்டுச் சட்டத்தினாலும் ஜில்லாச் சாலைகளுக்கு நிதி வந்தது. சாலையோரம் முழுவதும் கப்பிக் குவியல்கள் வந்தன. பெட்டி வைத்து அளந்து, வரிசையாகக் குவித்து, மராமத்து ஓவர்சீயரின் பார்வைக்காகக் காத்திருந்த அந்தக் குவியல்களை உடைத்தது யார் என்ற விஷயத்தில் சரித்திரம் அவ்வளவாகச் சிரத்தை காட்டவில்லை.

இங்கிலாந்திலேயே மெக்காடத்தின் முறை பரவியதற்கு, அது மலிவென்பது ஒரு பெருங்காரணம். நின்றுகொண்டு பெரிய சம்மட்டியால் உடைக்க வேண்டியதில்லை. சிறு சுத்தியலால் உட்கார்ந்தபடி உடைக்கலாம். ஆகவே கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் அதைச் செய்யலாம் என்று அவரே ஒரு சௌகரியமாக எடுத்துச் சொன்னார். அந்தச் சௌகரியம் நம் தேசத்தில் எந்த ரூபத்தில் வந்தது என்பதை 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் காணலாம். மழை பொய்த்து, மாடு மடிந்து, தானியம் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நிவாரணம் கேட்டு வந்தவர்களுக்குச் சர்க்கார் கொடுத்தது வேலை. வேலைகளுள் முக்கியமானவை மண் வெட்டுவதும் கப்பி உடைப்பதும். இந்திய சர்க்கார் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த நாட்கூலி, ஆண் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும். அது உயிரைப் பிடித்துவைக்கவே போதாதென்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் உடைத்த கல்லின்மேல் பிறகு எத்தனையோ சாரட்டுகள் ஓடின. பஞ்சமில்லாத காலத்திலும் கல்லும் மண்ணும் ஒட்டர்களின் பரம்பரைத் தொழிலாக இருந்தது. போயர் என்று வழங்கும் அவர்களுடைய குடும்பங்களில், சாலையோரத்து வேப்பமரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு ஜல்லி உடைக்கும் தாயாரை, ஐம்பது வயது கடந்த எவரும் பார்த்திருப்பார்கள்.

கல்லுடைக்கும் எந்திரம் அந்தப் பஞ்சத்துக்கு முன்பே பிறந்துதான் இருந்தது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் 1852-ல் இரண்டு மைல் மெக்காடம் சாலை போடும் பொறுப்பை ஏற்ற எலி விட்னி பிளேக் என்பவர், ஆட்களை வைத்துக் கல்லுடைப்பதன் தாமதத்தைக் கண்டு மனம் நொந்து, இரண்டு இரும்புத் தாடைகளுக்கு இடையில் கல்லைக் கடித்து நொறுக்கும் ஒரு யந்திரம் செய்து 1858-ல் காப்புரிமை பெற்றார். பஞ்செடுக்கும் யந்திரத்தால் பிரசித்தி பெற்ற எலி விட்னிக்கு அவர் மருமகப் பிள்ளை, அதாவது உடன்பிறந்தாளின் மகன். இன்றும் நம் குவாரிகளில் ஓயாமல் மென்றுகொண்டிருக்கும் கிரஷரின் தாடை அந்தத் தாடைதான். 1860-களில் நீராவி உருளையும் வந்து சேர்ந்தது. மெக்காடம் உருளையை நம்பியிருக்கவில்லை. சாலையைப் போட்டுத் திறந்துவிட்டால் வண்டிகளே நசுக்கி இறுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். இந்த விஷயத்தை நண்பரின் பொருட்டு நான் விசேஷமாகக் குறித்துவைத்துக்கொண்டேன். ஆயிரம் வண்டி ஓடும் சாலை தானே இறுகும். காலையில் ஒருமுறை வெளியேறி, மாலையில் ஒருமுறை உள்ளே வரும் ஒற்றை வண்டியை நம்பி வீட்டு வாசல் எப்படி இறுகும்?

மெக்காடத்தின் சாலை ஏறக்குறைய நூறாண்டு உலகத்தை ஆண்டது. அதன் ரகசியம் இரும்புப் பட்டையிட்ட சக்கரத்தில் இருந்தது. அது கல்லின் மேற்புறத்தை நுணுக்கி மாவாக்க, மழை அந்த மாவைக் கரைத்து இடுக்குகளில் செலுத்த, வெயில் அதை இறுக்க, சாலை தேயும்போதே தன்னைச் செப்பனிட்டுக்கொண்டது. அதைக் கெடுத்தது மோட்டார். 1888-ல் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் பெல்பாஸ்டில் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்துகொடுத்தார். அந்த டயர் வேகமாக ஓடும் மோட்டாரில் ஏறியதும், கல்லை நுணுக்குவதற்குப் பதிலாக இடுக்கிலிருந்த மாவை உறிஞ்சி எடுத்து ஆகாயத்தில் வீசத் தொடங்கியது. பிணைப்பு போனபின் கல் தனித்தனியாகப் பெயர்ந்தது. சாலையோரத்து வீட்டார் புழுதியில் முங்கி மோட்டார்காரர்களைச் சபித்தார்கள். மொனாக்கோவில் குக்லியெல்மினெத்தி என்ற டாக்டர் 1902-ல் சாலைக்குத் தார் பூசிக் காட்டி, தார் டாக்டர் என்றே பெயர் வாங்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹூலி என்பவர், இரும்பு உலைக் கசடும் தாரும் கலந்த தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாதையில் தார்ப் பீப்பாய் ஒன்று கவிழ, அதன்மேல் யாரோ கசடைக் கொட்டி மூட, அந்த இடத்தில் மட்டும் புழுதி கிளம்பாததைக் கண்டே அவருக்கு அந்த யோசனை உதித்ததென்பார்கள். 1908-ல் பாரிஸில் பல தேசத்தாரும் கூடி நடத்திய முதல் சாலை மகாநாட்டுக்கும் மோட்டாரும் அதன் புழுதியுமே காரணம். பிறகு உலகத்துக் கப்பி ரோடுகள் ஒவ்வொன்றாகத் தாரின் கீழே மறைந்தன. நம் ஊரில் பஞ்சாயத்துச் சாலைகளில் மட்டும் வெகுகாலம் தாக்குப்பிடித்து, அங்கும் போய்விட்டன.

இந்த இடத்தில்தான் என் நண்பரின் வாசல் எனக்குப் புதிய அர்த்தத்தோடு தோன்றியது. மோட்டாரின் வேகமே மெக்காடத்தின் சாலையைக் கொன்றது. வேகமில்லாத ஓரிடம் மோட்டாருக்கு உண்டென்றால் அது நின்று இளைப்பாறும் இடம். ஆகவே அங்கே மட்டும் தார் இல்லாமல், சிமெண்டு இல்லாமல், அந்தப் பழைய சாலை இன்னும் பிழைத்திருக்கலாம். கொன்றவனுக்கே படுக்கை விரித்துக்கொடுக்கும் விசித்திரமான பிழைப்புதான். ஆனாலும் அதற்கு இப்போது புது மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. வீட்டு முன்தோட்டங்களையெல்லாம் கார் நிறுத்தக் காங்கிரீட் போட்டு மூடிய இங்கிலாந்தில், 2007-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு, 2008 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் புகாத தளத்தை, நீர் தெருவுக்கு ஓடும்படி போடுவதானால் அனுமதி பெற வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். சரளைக்கு அனுமதி வேண்டாம். நம் ராஜ்யம் 2003-லேயே ஒவ்வொரு கட்டிடத்திலும் மழைநீரைச் சேகரித்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. 2015 டிசம்பரில் சென்னையின் தெருவெல்லாம் ஆறானதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீர் புகாத கூரையாகச் சாலையைக் கருதியவர் மெக்காடம். நாமோ தண்ணீர் புக வேண்டுமென்பதற்காக அதே கல்லைத் தேடுகிறோம். இந்த முரண்பாட்டுக்குப் பரிகாரம் மண்ணைக் குறைத்துக் கல்லைக் கூட்டுவதும், கீழே இறங்கிய நீர் தேங்காமல் ஒரு பக்கமாக வடியச் சரிவு கொடுப்பதுமே. உருண்டைக் கல்லையும் அடக்க ஓர் உபாயம் பிற்காலத்தில் பிறந்தது. 1970-களில் அமெரிக்க ராணுவத்தின் எஞ்சினீயர்கள், இளகிய மணலில் கனரக வண்டிகளை ஓட்டுவதற்காகத் தேன்கூட்டைப் போன்ற அறைகளுள்ள சட்டங்களைச் செய்து, மணலை அந்த அறைகளில் சிறைவைத்தார்கள். ராணுவ வண்டிக்குப் பிறந்த அந்தச் சட்டம் இன்று பிளாஸ்டிக்கில் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. கையில் பணமும் வழவழப்பில் ஆசையும் உள்ளவர்கள் அதை வாங்கிப் போடலாம். நண்பரிடம் ஆசை மட்டும் மீதியிருந்தது.

கடைசியில் நாங்கள் செய்தது இது. கூழாங்கல்லை வாரி ஓரத்தில் குவித்துவிட்டு, முக்கால் அடி தோண்டியதும் வயலின் களிமண் கறுப்பாக முகம் காட்டியது. அதைத் தெருப்பக்கம் நோக்காமல் கிணற்றுப் பக்கம் நோக்கி, 40 அடிக்கு ஓரடி வாட்டம் விழும்படி சீர்செய்து, திமிசுக் கட்டையால் இரண்டு நாள் இடித்தோம். களியும் கல்லும் கலந்துவிடாதிருக்கக் கெட்டியான துணி ஒன்றை விரித்து, ஒன்றரை அங்குல ஜல்லியை 6 அங்குலத்துக்குப் போட்டு, தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த சிறு உருளையால் ஆயிரம் வண்டிகளின் வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்தோம். ஜல்லி கொண்டுவந்த லாரிக்காரர், யூனிட்டுக்கு நூறு கன அடி என்று சொல்லி அளந்து கொட்டும்போது, அடித்தட்டுக்குக் கிரஷர் தூசி கொஞ்சம் கலந்தால் இன்னும் பிடிக்கும் என்றார். பிடிக்கும், ஆனால் தண்ணீர் இறங்காதே என்று மறுத்துவிட்டோம். அதற்கும் மேலே முக்கால் ஜல்லி, அதுவும் 2 அங்குலத்துக்கு மேற்படாமல். அதைவிடச் சிறிய சிப்ஸ் செருப்பில் ஏறி வீட்டுக்குள் வரும். பெரியது காலை மடக்கும். கனம் கூடினால் சக்கரம் மறுபடியும் உழ ஆரம்பிக்கும். நான்கு பக்கமும் கருங்கல்லில் கரை கட்டினோம். கரையில்லாத சரளை ஓராண்டுக்குள் தோட்டத்துக்கும் தெருவுக்கும் குடிபெயர்ந்துவிடும்.

வண்டி இப்போது சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறது. இரவு தாமதமாக வரும் பிள்ளையாண்டான் தாயாருக்குத் தெரியாமல் உள்ளே நுழைய முடிவதில்லை. குவித்துவைத்த கூழாங்கல் வீணாகவில்லை. தண்ணீரை வடித்து இறக்க அதைவிட உகந்த கல் கிடையாதென்பதால், மழைநீர்க் குழிக்குள் நிரப்பியதில் லாரி முழுவதும் அடங்கிவிட்டது. நண்பரின் தாயாருக்காகக் கேட்டின் உட்புறத்தில் நான்கடி அகலத்துக்குச் சரளை படாமல் வெறும் மண்ணாக விட்டிருக்கிறோம். காலையில் வண்டி வெளியே போவதற்கு முன் அதில் சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறார். அதன்மேல் சக்கரத்தை ஏற்றாமல் ஓரமாக ஒடித்து ஓட்டுவதற்கு என் நண்பர் ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறார்.